குளிருக்கேற்ற எண்ணெய்

— பென்சில், மதினி. தச்சன் காதுல செருகிக்கிற பென்சில். அதைக் கத்தியால சுரண்டி, அந்தக் கரித்தூளைத் துப்பாக்கிக்குள்ள தடவி வச்சிருக்கான் உங்க செல்ல வேட்டைக்காரன் தெர்ஹோ. எண்ணெய்னு ஒரு சொட்டு கிடையாது.

— நம்மூர் வழக்கப்படி காப்பில பாலாடைக்கட்டித் துண்டு போட்டிருக்கேன். ஊறிப்போறதுக்குள்ள சாப்பிடு, ஒஸ்மோ.

— ஊறட்டும். நான் கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் கடைசி வேட்டை. மிச்சமிருக்கிறது ஒரு கடமானுக்கான அனுமதி. வேட்டைத் தலைவியா நீங்க பரண்களைப் பிரிச்சுக் குடுக்கறப்போ, கொக்குச் சதுப்புப் பரண்ல திரும்பவும் அந்த ஆளையா ஏத்தப் போறீங்க?

— பன்னண்டு வருஷமா அவன்தானே அங்க நிக்கறான்.

— பதினோரு வருஷமா நான் பக்கத்துப் பரண்ல நின்னு அதைப் பாத்துக்கிட்டிருக்கேன். என் முன்னால வர்றதெல்லாம் ரெண்டு முயலும் தபால்காரன் வண்டியும்தான்.

— அந்த முயலையும் நீ விட்டுட்டே.

— சுடத் தகுந்தது வரணும், ரைலி மதினி. நேத்து வந்ததே, அது யாருக்கு வந்துச்சு? நாய் மறிச்சுக் குரைக்குது, கோயில் கதவு அகலத்துக்கு ஒரு ஆண் கடமான் வந்து நிக்குது. இவன் சுடறான். முதல் தோட்டா வயித்துல. சரி, கை நடுங்கும், மன்னிச்சுரலாம். ரெண்டாவது எங்க? சுட்ட வேகத்துல தானே அடுத்த தோட்டாவை ஏத்திக்கத்தானே அரைத் தானியங்கித் துப்பாக்கின்னு ஒண்ணைப் பண்ணி வச்சிருக்காங்க? தோட்டாவைத் தள்ளி ஏத்தற போல்ட் பாதி வழில நின்னுபோச்சு. அந்த ஜீவன் குடலைச் சுமந்துக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடுது, இவன் துப்பாக்கியை முழங்கால்ல இடிச்சுக்கிட்டு நிக்கறான். பாத்தவங்க சொன்னாங்க.

— அதுக்கப்புறம் பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கிட்டு ஏழு கிலோமீட்டர் ரத்தத் தடத்துலயே போனானே, அதைப் பாத்தவங்க சொல்லலையா? என் பழைய துப்பாக்கியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான். ஓடைகிட்டப் பிடிச்சு முடிச்சிட்டுத்தான் திரும்பினான். மீசையெல்லாம் பனி.

— ஏழு கிலோமீட்டர் ஒரு உயிரைத் துடிக்க விட்டவனுக்கு மீசைல பனி பிடிச்சா புண்ணியமா? ஆண்டவர் படைச்ச ஜீவனைக் கொல்லவும் ஒரு ஒழுங்கு இருக்கு. நான் கோயில்ல ஆர்கன் வாசிக்கிறவன். ஒரு குழாய்ல தூசி இருந்தாலும் ஞாயித்துக்கிழமைப் பாட்டைத் தொட மாட்டேன். ஒரு இயந்திரத்துக்கு அதுக்கான மரியாதையைக் குடுக்கத் தெரியாதவனுக்குக் கோடாரி போதும்.

— சரி, குடுக்கட்டும். எந்த எண்ணெயைப் போட்டா அந்த மரியாதை?

— கேட்டீங்களே, அதுக்கே நன்றி. இந்த ஊர்ல ஒருத்தன் கேட்டதில்ல. கவனிங்க. கையால போல்டை இழுத்து ஏத்தற துப்பாக்கிக்கு எண்ணெய் இல்லேன்னாலும் காலம் ஓடிரும். அரைத் தானியங்கி அப்படியில்ல. வெடிச்ச வாயுதான் போல்டைப் பின்னால தள்ளுது. ஒவ்வொரு வெடிக்கும் உள்ள கரி படியும். வறண்டு கிடந்தா எப்படி ஓடும்? ஆனா இங்க என்ன நடக்குது? நம்ம பாவாலி, மரம் அறுக்கிற ரம்பத்துக்கு ஊத்தற எண்ணெயையே ஊத்தறான். கிட்டப் போனா மரக்கடை வாசனை. எயேமெலி, பொண்டாட்டி தையல் மெஷின்லேந்து எடுக்கறான், அவளுக்குத் தெரியாம.

— ரெண்டு பேரும் இந்த வருஷம் ஆளுக்கொரு கடமான் அடிச்சாச்சு.

— குருட்டு அதிர்ஷ்டம். என்னோடது அப்படி இல்ல. ஜெர்மனிக்காரன் வடிச்சது. வெளிச்சத்துல பிடிச்சா தேன் மாதிரி இறங்கும். பதினோரு வருஷமா அதைத்தான் போடறேன். என் துப்பாக்கி ஒரு தடவைகூடச் சிக்கினது கிடையாது.

— ஒரு தடவைகூட வெடிச்சதும் கிடையாது.

— நக்கல் பண்ணுங்க. உங்க தங்கச்சியும் இதையேதான் சொல்றா.

— தெர்ஹோ பென்சில் தூள் தடவறது உனக்கு எப்படித் தெரியும்? அவன் யார்கிட்டயும் துப்பாக்கியைத் திறந்து காட்டறவன் இல்லியே.

— நானே திறந்து பாத்தேன். முந்தாநேத்து சாயங்காலம், வேட்டைக் குடில்ல. நீங்கல்லாம் அடுப்பைச் சுத்தி உக்காந்து சாசேஜ் சுட்டுக்கிட்டிருந்தீங்க. கையுறையை விட்டுட்டேன்னு உங்ககிட்ட வெளி அறைச் சாவியை வாங்கினேனே.

— வாங்கினே.

— அந்த விறைக்கிற அறைல ஆறு துப்பாக்கி தொங்குது. கடைசில அவனோடது. திறந்தேன். பாதிரியார் அங்கி மேல சேறு பட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. கறுப்புத் தூள், மதினி, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம. அவன் என்னை அண்ணன் தம்பியா நெனைக்காம இருக்கலாம். ஆனா கண்ணால பாத்துட்டுச் சும்மா வர முடியுமா?

— சும்மா வரலையா?

— தர்மம் பண்ணிட்டுத் தமுக்கடிக்கிற ஆள் நான் இல்ல. நீங்க கேக்கறதால சொல்றேன். துப்பாக்கியைக் கோட்டுக்குள்ள வச்சு சௌனா நீராவிக் குளியல் கொட்டகைக்கு எடுத்துட்டுப் போனேன். உடை மாத்தற அறை.

— அன்னிக்கு ஆம்பிளைங்க நாலு மணிக்கே குளிச்சிட்டாங்க. அறை சூடாவே இருந்திருக்கும்.

— நல்ல கதகதப்பு. அங்க உக்காந்தாத்தானே விரல் மடங்கும்? முழுசா முக்கால் மணி நேரம். அந்தப் பென்சில் கண்றாவியை வழிச்சு எறிஞ்சேன். என் எண்ணெயைத் தாராளமா விட்டேன், சந்து பொந்தெல்லாம். கஞ்சத்தனம் பண்ணலை. மேலெல்லாம் முத்து முத்தாத் தண்ணி கோத்துக்கிச்சு, அதைக்கூட என் கைக்குட்டையால துடைச்சேன்.

— மேல துடைச்சே.

— மேலதான். உள்ளதான் எண்ணெய் காக்குதே.

— அப்புறம்?

— எடுத்த ஆணியிலயே மாட்டிட்டேன். அவனுக்குத் தெரியாது. ஒரு நன்றி எதிர்பாத்தேனா? இல்ல. அவ்வளவு செஞ்சும் அந்தத் துப்பாக்கி அவன் கைல சிக்குதுன்னா, கோளாறு எண்ணெய்ல இல்ல, ஆள்ல இருக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

— அன்னிக்கு வெளி அறைல எத்தனை டிகிரி?

— வாசல்ல இருக்கிற மானி மைனஸ் இருபத்தேழு காட்டுச்சு.

— மாப்பிள்ளை, நீ காயானி டவுன்ல வளந்தவன். இருந்தாலும் இங்க வந்து இருபது வருஷமாச்சு. வேட்டை முடியற வரைக்கும் ஏன் துப்பாக்கியை அந்தக் குளிர்லயே தொங்க விடறோம்? குடிலுக்குள்ள ஆணிக்குப் பஞ்சமா?

— ...பழக்கம்.

— முக்கால் மணி நேரம் வியர்த்த இரும்பு, மைனஸ் இருபத்தேழுல திரும்பத் தொங்குது. மேல இருந்த தண்ணியை நீ துடைச்சுட்டே. போல்டுக்குள்ள கோத்துக்கிட்டது என்ன ஆகும்? உன் ஜெர்மன் தேன் அந்தக் குளிர்ல என்ன ஆகும்?

— முதல் தோட்டா போச்சே. உறைஞ்சிருந்தா முதல் தோட்டா எப்படிப் போகும்?

— அதை நேத்துக் காலைல அவன் கையால அழுத்தி ஏத்தினான். இறுக்கமா இருக்குன்னு என்கிட்டச் சொன்னான், நான்தான் ‘குளிருப்பா’ன்னேன். தானா ஓட வேண்டியது ரெண்டாவதுக்குத்தான். இந்தக் குளிர்ல எண்ணெய் ஓடாதுன்னுதான் அவன் பென்சில் தூள் தடவறான். தூள் உறையாது, ஒஸ்மோ.

— பாலாடைக்கட்டி ஊறிப்போச்சு, மதினி.

— ஏழு கிலோமீட்டர் துடிக்க விட்டான்னியே.

— மதினி. இது இந்த மேசையைத் தாண்ட வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஆர்கன்ல உக்காந்தா அவன் என் முதுகுக்கு நேர் பின்னால உக்காந்திருப்பான். பென்சில் சுரண்டறவன் என்னைப் பாத்துச் சிரிக்கறதா? பரண் வேண்டாம். காட்டைக் கலைச்சு மானை விரட்டறவங்களோட நடக்கறேன், நாய்க்குப் பின்னால. அவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க.

— அவன் இன்னிக்கு விடிஞ்சதும் இங்க வந்தான். போல்டைக் கழட்டித் துணில சுத்திக் கொண்டுவந்து வச்சான். பனிக்கட்டியும் தேனுமா இருந்துச்சு. ஊர்ல அந்த நிறத்துல எண்ணெய் வச்சிருக்கிறது ஒரே ஆள்.

— என்ன சொன்னான்? சங்கத்துலேந்து நீக்கச் சொன்னானா?

— இல்ல. நாளைக்கான பரண் பட்டியல்ல உன் பேரை எழுதச் சொன்னான், எழுதிட்டேன். ‘கொக்குச் சதுப்புப் பரணை ஒஸ்மோவே வச்சுக்கட்டும், ரைலி; பதினோரு வருஷ ஏக்கம் தீந்துட்டா, இனிமே என் துப்பாக்கி பக்கம் வர மாட்டான்’னான்.