மஞ்சள் பட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு எங்கள் வீட்டுச் சன்னலில் நல்ல வெளிச்சம் வரும். வாராவாரம் அந்த நேரத்தில் என் மனைவியை ஒரு படம் எடுத்து அவள் அண்ணனுக்கு அனுப்புவது வழக்கம். வழக்கம் என்றால், அவருடைய உத்தரவு.

மச்சான் வெளியூரில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். எதிரே யார் உட்கார்ந்தாலும் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். எங்கள் கல்யாண விருந்து முடிவதற்குள் நான்கு பேருக்கு ரத்தசோகை என்று சொல்லிவிட்டார். முதல் வருடம் என் மனைவிக்கு நான்கு நாள் காய்ச்சல். வந்தார், அழைத்துப்போனார், மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். கிளம்பும்போது மாடி வீட்டுக்கும் கேட்கிறபடி சொன்னார்: "மாப்பிள்ளை, போட்டோவுல இருக்கிற மூஞ்சியத்தான் உங்களுக்குப் பாக்கத் தெரியும்."

உண்மைதான். நான் ஸ்டூடியோவில் படம் திருத்துகிறவன். பருவை எடுப்பேன், தொப்பையைக் குறைப்பேன், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியை ஒரே படத்தில் தோள்மேல் கைபோட வைப்பேன்.

அந்த ஞாயிறு படத்தைக் கணினியில் திறந்தபோது அவள் கண்ணின் வெள்ளை உறுத்தியது. நிறத்தை அளந்து பார்த்தேன். வெள்ளை என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறத்தாழ ஒரே எண்ணில் இருக்க வேண்டும். மற்ற இரண்டும் 210க்கு மேல் இருக்க, நீலம் மட்டும் 168க்கு இறங்கியிருந்தது. நீலம் இறங்கினால் மஞ்சள் ஏறுகிறது. வெளிச்சத்தின் கோளாறோ என்று பின்னாலிருந்த சுவரையும் அளந்தேன். சுவர் நலமாக இருந்தது.

எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். அப்போதே தெரியும், இன்ஸ்பெக்டர் ஐயா. பத்து நாற்பது இருக்கும்.

காமாலை பலருக்கு ஓய்வெடுத்தாலே போய்விடும் என்று எங்கோ படித்திருந்தேன். இந்தத் தடவை நானே பார்த்துக்கொள்வது என்று முடிவுசெய்தேன். ஆனால் படம் போயாக வேண்டும். அதனால் கறுப்பு வெள்ளை ஆக்கினேன். நிறத்தை உருவிவிட்டால் போதும் என்று கற்றுக்குட்டிகள் நினைப்பார்கள். அப்படிச் செய்தால் கண் மங்கித் தெரியும். மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பட்டை உண்டு. அந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதை நாம் வைக்கலாம். மஞ்சள் பட்டையை வலப்பக்கம் தள்ளினேன். கண் முத்துப்போல வந்தது.

"பழைய படத்து ஹீரோயின் தோத்தா போங்க" என்று மச்சானின் மனைவி எழுதினார். மச்சான் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் கட்டைவிரல்.

அடுத்த வாரம் நீலம் 141. கலரில் அனுப்பினால், போன வாரம் ஏன் கலரில் அனுப்பவில்லை என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதை வரவழைப்பானேன்? வீடியோ அழைப்புக்கு வழியில்லை. அவள் கைபேசியின் முன்பக்கக் கேமரா அதே வாரம் உடைந்துபோனது. பொருள்கள் உடையும்.

பேசுவதற்குத் தடையில்லை. "ரொம்ப அசதியா இருக்குண்ணே" என்றாள் ஒருநாள். "படத்துல நல்லாத்தானே இருக்கே, சோம்பேறி" என்றார் மச்சான். தங்கையின் குரலைவிட என் வேலையை நம்பினார். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மூன்றாவது வாரம் அவளே கேட்டாள்.

"ஏங்க, என் கண்ணு மஞ்சளா இருக்கா? கண்ணாடியில ஒரு மாதிரி தெரியுது."

கணினியைத் திருப்பிக் காட்டினேன். "இதுல எங்க மஞ்சள்?"

"இது கறுப்பு வெள்ளைங்க."

"வெள்ளை தெரியுதில்ல?"

சிரித்துவிட்டாள். அன்று மாலை, கண்ணாடி இருக்கும் குளியலறையில் பல்பை மாற்றினேன். மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் நானும் மஞ்சள்தான். குடும்பத்தில் ஓர் ஒற்றுமை வந்தது.

கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். பழச்சாறு பிழிந்து கொடுத்தேன். தலையணை உறை மாற்றினேன். அரிக்கிறது என்றபோதெல்லாம் முதுகைச் சொறிந்துவிட்டேன். மூன்று மாதம் வைத்திருந்தாரே மச்சான், சொறிந்துவிட்டிருப்பாரா?

மூலப்படத்தில் கைவைப்பது தொழில் தர்மம் இல்லை. ஏழு கலர் படங்களும் ஒரே ஃபோல்டரில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்த வாரத்து நீலத்தின் எண்ணையே பெயராக வைத்திருந்தேன்: 168, 141, 117, 96, 80, 63, 52. நீங்கள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மச்சானின் நிலையத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக அறிக்கை தர மாட்டார்கள். ஆகவே நான் எதையும் மறைக்கவில்லை. நிறத்தை மட்டும் எடுத்தேன்.

ஏழாவது ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய் நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வியாழன் போய்விட்டாள். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்றார் டாக்டர். டாக்டர்கள் எப்போதும் ஒரு மாதம் முன்னால் என்றுதான் சொல்வார்கள். மச்சான் வந்தார். பழக்கதோஷம், அவள் இமையை இழுத்துப் பார்த்தார்.

அவளுக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஏழாவது ஞாயிறு, என் தோளைப் பிடித்துக்கொண்டு சன்னலோர நாற்காலிக்கு வந்தாள். இரண்டு தடவை நிறுத்தித் தலை வாரினாள். மணி பத்து இருபது. நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

"ஏங்க, இந்த ஒரு தடவை கலர்லயே அனுப்பிடுங்களேன். அண்ணன் பாக்கட்டும்."