கம்பத்தடிக் குழி கஜேந்திரனுக்கு வேண்டாம்

மேடையில் அமர்ந்திருக்கும் தோட்டத் துரை அவர்களே, தொழிற்சங்கத் தலைவர்மார்களே, கஜேந்திரனின் துணைவி ஜெயந்தினி அவர்களே, மண்வெட்டியோடு கோல் கம்பத்தடியில் நிற்கும் இளைஞர்களே! மாயாண்டிக் கிழவன் வணங்குகிறேன். வளைவில் பொலிஸ் ஜீப் நிற்பது எனக்கும் தெரிகிறது. கஜேந்திரனின் சவப்பெட்டியைத் தூக்குமுன் என்னைக் கேளுங்கள்.

இலங்கை றக்பி வீரர் கஜேந்திரன்! அந்தப் பெயருக்கு முன்னால் நாட்டின் பெயர் வந்து சேர எத்தனை பாடு! வேல்ஸ் நாட்டுக்கு ஆடிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஆசைப்பட்ட மைதானம் இது. மலையை வெட்டிச் சமப்படுத்தியது யார்? நம் பாட்டன்மார்! பந்து பொறுக்கிக் கொடுக்கத்தான் அவர்களுக்கு அனுமதி.

நுவரெலியாவில் தேர்வு ஆட்டம். கஜேந்திரன்மேல் பத்துப் பேர் விழுந்ததும் அவருடைய தாய் அழகம்மா, கொழுந்து பறிக்கும்போது செடி மட்டம் பார்க்கும் மட்டக்கம்போடு உள்ளே ஓடினார். "எம் புள்ளய விடுங்கடா!" குவியலுக்கு அடியிலிருந்து குரல்: "ஏ ஆத்தா, பந்து எங்கிட்டதான் இருக்கு. நீ வெளிய போ!"

தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் தோட்டத்து ஆள் என்று குடியுரிமை இல்லை, பாஸ்போட் இல்லை. நாட்டுக்காக அடிபட ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு நாடு இல்லையா? விமானம் அவரை விட்டுவிட்டுப் பறந்தது. குடியுரிமை வந்த பிறகே ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் நாட்டின் சட்டையோடு ஆடினார். ஆடி முடித்துத் திரும்பி, நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் பழக்கினார்.

இப்போது இங்கே தேயிலைக் கன்று நடப் போகிறார்களாம். அதைத் தடுக்க அவரை இங்கேயே புதைப்போம் என்று குழி வெட்டிவிட்டீர்கள். அவர் சாகக் கிடந்த ஆஸ்பத்திரியில் நம் றொக்சன் அவரிடமே இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, ஒங்கள கம்பத்தடியிலயே வச்சிருவோம். எவன் கன்டு நடுறான்னு பாப்போம்."

"அட பாவி! அப்புறம் எம்மேல எவன்டா விழுவான்?"

சிரித்தீர்கள். அவர் சிரிக்கவில்லை. றக்பியில் கம்பத்தடிக் கோட்டைத் தாண்டிப் பந்தோடு தரையில் விழுந்தால்தானே புள்ளி? சமாதிமேல் நம் பிள்ளை விழுமா? மைதானம் மயானமானால் துரை ஜெயித்தாலென்ன, நாம் ஜெயித்தாலென்ன!

துரை அவர்களே, இது பயந்து சொல்வதல்ல. நாளை வேலை விட்டதும் ஆணும் பெண்ணும் இங்கே ஆடுவோம். மறுநாளும் ஆடுவோம். கன்று கொண்டு வருகிறவர்கள் எங்கள் காலுக்கிடையில்தான் நட வேண்டும்!

வெட்டிய குழியை வெறுமனே மூடினால் அது இன்னொரு ஆளைக் கேட்கும் என்று முணுமுணுக்கிறீர்கள். மூட வேண்டாம். பெட்டி நம் மயானத்துக்குப் போகட்டும். றொக்சன், நல்ல சவுக்கு மரம் ஒன்றைக் கொண்டு வா. புதுக் கோல் கம்பமாக அந்தக் குழியில் இறக்கு. ஆறடி ஆழம், எவனும் பிடுங்க முடியாது.