வளைவுல நிக்கிற வண்டி

இருங்க தலைவரே, பானெட்டை மூடிராதீங்க. இஞ்சினை நிறுத்துற நாப் ஏன் இப்படித் தேஞ்சு கிடக்குன்னு கேட்டீங்கல்ல, அதை அப்புறம் சொல்றேன். முதல்ல இந்த டர்போவுக்கு ஒரு வழி சொல்லுங்க. போடலாமா, வேணாமா? ரெண்டு நாளா இதே ரோதனைதான். என்னைக் கட்டிக்கும்போதுகூட நீங்க இவ்வளவு யோசிக்கலையேன்னு என் பொண்டாட்டி கேட்டுட்டா.

ஆமா, வண்டிக்கு இருபத்திரெண்டு வயசு. கம்பெனில இருந்து வரும்போதே டர்போ இல்லாத வண்டிதான். தெரியும் தலைவரே, தெரிஞ்சுதான் கொண்டாந்திருக்கேன். எண்ணெய்க்குத் தனி பைப் இழுக்கணும், சூடு ஏறும், கேஸ்கெட் தாங்குமான்னு பாக்கணும், எல்லாம் நீங்க சொல்லியாச்சு. நான் கேக்குறது அது இல்ல. போட்டா இஞ்சினுக்கு இழுவை கூடி ஏத்தத்துல நிக்காமப் போகுமா? போகும்ல? அதான் பிரச்சனையே.

சிரிக்காதீங்க, கதையைக் கேளுங்க. நமக்குத் தண்ணி கேன் வியாபாரம். தினமும் காலைல அறுவது கேன், ஒரு கேன் இருபது லிட்டர், கணக்குப் போட்டுக்கங்க. கொண்டு போற இடமெல்லாம் மேட்டு மேல. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரெண்டு ஆபீஸ். தண்ணி கீழ இருக்கு, தாகமெல்லாம் மேல இருக்கு, நான் என்ன பண்றது சொல்லுங்க. ஏத்தத்துல முக்காவாசி போனா ஒரு வளைவு வரும். அங்க வண்டி நின்னுடும். தினமும் நிக்கும், ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு.

வளைவுக்கு நேரா ஒரு தச்சுப் பட்டறை இருக்குல்ல, வாசல்ல பலகை சாத்தி வச்சிருப்பாங்களே, அதேதான். அது எங்க அண்ணன் பட்டறை. சொந்த அண்ணன்தான், ஒரே வயித்துல பொறந்தவரு. ஏழு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல.

ஆனா வண்டி நின்னா வெளிய வருவாரு. அதைத்தான் சொல்ல வந்தேன். உளியைக் கீழ வச்சுட்டு, மேல ஒட்டுன மரத்தூளைத் தட்டி விட்டுட்டு, ஒரு முக்கோணக் கட்டையோட வருவாரு. பின் சக்கரத்துக்கு அடியில வைக்கிறதுக்குன்னே நல்ல மரத்துல இழைச்சு வச்சிருக்காரு. என் வண்டிக்குன்னு, வேற எவன் வண்டிக்கும் கிடையாது. கட்டையை வச்சுட்டு வண்டி பாடியில ரெண்டு தட்டு தட்டுவாரு. நான் ஸ்டார்ட் பண்ணுவேன். தோளைக் கொடுத்துத் தள்ளுவாரு. ஒரு ஆளு தள்ளி அறுவது கேன் நகருமா, நகராது. ஆனா தள்ளுவாரு. வண்டி கிளம்பினதும் நான் ஒரு ஹாரன் அடிப்பேன். அவ்வளவுதான் எங்க பேச்சு. அவரு ரெண்டு தட்டு, நான் ஒரு ஹாரன். அந்த ரெண்டு தட்டு கேக்கலேன்னா அன்னிக்கு முழுக்க எனக்கு எதுவும் ஓடாது தலைவரே.

சண்டை எதுக்கா? கேட்டா காறித் துப்புவீங்க. ஒரு அலமாரிக்கு.

நான் வீடு கட்டினப்போ படுக்கை ரூம்ல பரணுக்குக் கீழ நிக்கிற மாதிரி ஒரு அலமாரி செஞ்சு தரேன்னாரு. அவரே வந்து அளந்தாரு. அவரு அளவு எடுக்குறதைப் பாக்கணுமே, ஒரு தடவை அளந்துட்டு, நம்மளைப் பாக்காத மாதிரி இன்னொரு தடவை அளப்பாரு. ரெண்டு மாசம் உக்காந்து செஞ்சாரு. மேல ஒரு பட்டை, அதுல பூ வேலைப்பாடு, அதுக்கு மட்டும் ஒரு மாசம். இதுக்கு நடுவுல நான் என்ன பண்ணேன்னா, பழைய தரை மேலயே டைல்ஸ் ஒட்டிட்டேன். ஒன்றரை இஞ்ச் தரை ஏறிப்போச்சு. அவருகிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல. அலமாரி வந்து இறங்குது, அண்ணன் வேற வேலையா வெளிய போயிருக்காரு, நிமித்தினா பரண்ல இடிக்குது. வீடு நிறைய சொந்தக்காரங்க. எனக்கோ அவசரம். ரம்பத்தை எடுத்து அந்தப் பட்டையை அறுத்துப் போட்டுட்டேன்.

ஐயோன்னு சொல்றீங்க பாருங்க, அதே மாதிரிதான் அண்ணியும் சொன்னாங்க. சாயங்காலம் அண்ணன் வந்தாரு. அறுத்த இடத்தைக் கையால தடவிப் பாத்தாரு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? அளவு தப்பாப் போச்சுண்ணே, அதான் அறுத்தேன்னு அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டேன். தச்சன்கிட்டப் போய் அளவு தப்புன்னு சொல்றதும் செருப்பால அடிக்கிறதும் ஒண்ணுதான். அவரு குனிஞ்சு தரையைப் பாத்தாரு. டைல்ஸைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. டேப்பை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

தப்பு என் மேலதான்னு அப்பவே தெரியும். தெரிஞ்சு என்ன, வாய் வரலையே.

இப்ப டர்போவுக்கு வரேன். வீட்டு ஆம்பளைங்கதான் பேசிக்கிறதில்ல, என் வீட்டுக்காரியும் அண்ணியும் தினமும் மணிக்கணக்கா போன்ல பேசுவாங்க. எங்க வீட்ல பூனை குட்டி போட்டாலும் அங்க சேதி போயிடும். அண்ணி சொன்னாங்களாம், அண்ணனுக்கு முட்டி தேஞ்சு போச்சு, பாரம் தள்ளவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுட்டாருன்னு. மனுஷன் கேக்கணுமே. தம்பி வண்டி நிக்கும்லன்னு நொண்டிக்கிட்டே வராராம். போன ஞாயிறு, நான் வெளிய போன நேரமாப் பாத்து எங்க வீட்டுக்கு வந்திருக்காரு. பானெட்டைத் திறந்து டேப்பு வச்சு அளந்து, பென்சிலால எழுதிக்கிட்டுப் போனாராம். உள்ள வாங்க மாமான்னு என் வீட்டுக்காரி கூப்பிட்டிருக்கா, வரல.

முந்தாநாள் வளைவுல வண்டி நிக்குது. கட்டையை வச்சாரு. தட்டல. இந்தப் பக்கம் கதவைத் திறந்து, சீட்டு மேல ஒரு சாக்கு மூட்டையை வச்சுட்டு, அப்புறமாப் பின்னாடி போய்த் தட்டினாரு. மேல போய்ப் பிரிச்சுப் பாக்குறேன், இந்த டர்போ. எங்க தேடிப் பிடிச்சாரோ தெரியல. உள்ள ஒரு துண்டுச் சீட்டு. இதோ, சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன், பாருங்க. அளந்து பாத்துட்டேன், பொருந்தும். அவ்வளவுதான் எழுதியிருக்காரு. ஏழு வருஷத்துல எனக்குன்னு வந்த முதல் வார்த்தை தலைவரே. ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியை நிறுத்திட்டு அழுதேன், வாட்ச்மேன் வந்து யாருக்கு என்ன ஆச்சுன்னு விசாரிக்கிறான்.

இப்பப் புரியுதா என் நிலைமை? இதைப் போட்டா வண்டி வளைவுல நிக்காது. நிக்கலேன்னா அவரு எதுக்கு வெளிய வரப்போறாரு? போடலேன்னா அவரு முட்டி போயிடும். இறங்கிப் போய்ப் பேசுங்கன்னு சொல்றீங்க. சொல்லுவீங்க. ஏழு வருஷம் பேசாம இருந்து பாருங்க, முதல் வார்த்தை எவ்வளவு கனம்னு தெரியும்.

என்னது, பொருந்தலையா? எங்க இடிக்குது? அரை இஞ்சா?

அட கடவுளே. பேட்டரியா. அது போன செவ்வாய்க்கிழமைதான் மாட்டினேன், பழசு சின்னது, பெருசா இருந்தா நல்லதுன்னு ஒருத்தன் சொன்னான். அவரு அளந்தது அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. பாத்தீங்களா, மறுபடியும் அதே வேலையைப் பாத்திருக்கேன். அலமாரிக்கு டைல்ஸ், டர்போவுக்குப் பேட்டரி. என்னை வச்சுக்கிட்டு அந்த மனுஷன் என்னதான் பண்ணுவாரு.

வெட்டுறதா? டர்போவைத் தாங்குற பிராக்கெட்டையா? தலைவரே, கையெடுத்துக் கும்பிடுறேன், அந்த மிஷினைக் கீழ வைங்க. வெட்டுற பேச்சே வேணாம். பெரிய பேட்டரியைக் கழட்டுங்க, பழசு என் வீட்ல இருக்கு, இப்பவே போய் எடுத்தாரேன். அவரு அளந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும். அவரு அளவு தப்பாது.

சரி, போட்டுடுங்க. முடிவு பண்ணியாச்சு.

என்ன தயங்குறீங்க? வந்ததும் நான் டீக்குப் போன நேரத்துல ஓட்டிப் பாத்தீங்களா? நாளைக்குன்னு ஏத்தி வச்ச கேனோடயேவா? மேம்பாலத்துல ரெண்டாவது கியர்லயே ஜம்முன்னு ஏறுதா. இதுக்கு எதுக்கு டர்போன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான்.

ஏறும் தலைவரே. அஞ்சு வருஷமா ஏறுது. உங்களுக்கு முன்னாடி இந்த ஒர்க்‌ஷாப்பை வச்சிருந்தாரே, அவரு டீசல் பம்பைச் சரி பண்ணிக் கொடுத்ததுல இருந்து வண்டி அந்த வளைவுல ஒரு நாள்கூடத் தானா நின்னதில்ல. அண்ணன் பட்டறை தெரிஞ்சதும் நான்தான் இஞ்சினை நிறுத்துற அந்த நாபைப் பிடிச்சு இழுக்குறேன். அதோட கேபிளை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறேன்.

நாளைக்குக் காலைல கேன் கொண்டு போகணும், அதுக்குள்ள முடிச்சுடுங்க. வளைவுல ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, நானே இறங்கி, டைல்ஸ் போட்டது நான்தாண்ணேன்னு சொல்லப் போறேன். நாபை மாத்த வேணாம், அப்படியே இருக்கட்டும்.