தமிழ்ச் சனம் இல்லாத ஏரி

இல்லை, கமலினி, பாலைவனம் எண்டால் ஒட்டகம் போற பாலைவனம் இல்லை. சிவப்பு மண், நடுவிலை ஏரி. மெனிண்டி எண்டு பேர். ரண்டு வருசத்துக்கு முன்னம் வெள்ளம் வந்து நிரம்பினதாம், இன்னும் வத்தேல்லையாம். தண்ணிக்குள்ளை பட்ட மரங்கள் நிக்குது, அதுகளிலை பெரிய சொண்டுப் பெலிக்கன் பறவையள் வந்து குந்தியிருக்கும். இவர் மோட்டார் கிளப் புத்தகத்திலை படம் பாத்திட்டுக் காட்டினவர். கையோடை கொண்டந்தனான், இந்தா பாரும். ஒருக்காய்ப் பாருமன், பாக்கிறதுக்குக் காசே கேக்கிறன்?

ஓம், தூரந்தான். ஆர் இல்லை எண்டது? இப்ப ரோட்டுப் போர்டெல்லாம் கிலோமீற்றர் எண்டு மாத்திப்போட்டாங்கள், அதாலை இன்னும் தூரமாய்த் தெரியுது. மில்டுராவிலை ஒரு ராத்திரி தங்கிறம், அடுத்த நாள் போய்ச் சேர்ந்திடுவம். எங்கடை இவரும் உம்மடை மனிசன் சிறியும் மாறி மாறிக் கார் ஓடுவினம். உமக்குப் பின் சீற்றிலை தலையணை அடுக்கி மகாராணி மாதிரிக் கொண்டு போறன். என்ரை பெட்டையள் ரண்டும் காலுக்கை கிடந்து சண்டை பிடிக்கும், அதுதான் ஒரு கரைச்சல். நாளைக்கு விடிய வெளிக்கிட்டால் சரி.

நாளைக்கேதான். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியிட்டுதெல்லே. பிந்தினால் தங்கிற கரவன் எல்லாம் வேற ஆக்கள் எடுத்துப்போடுவினம். டொக்டர் என்ன சொன்னவர்? ஐஞ்சு மாசம், பயணம் போகலாம், நடக்கலாம் எண்டு நீர்தானே வந்து சொன்னனீர். முந்தி ரண்டு தரம் தங்காமல் போனதை நான் மறந்துபோனன் எண்டு நினைக்கிறீரே? ஆஸ்பத்திரியிலை உமக்குப் பக்கத்திலை இருந்தது ஆர்? இந்த முறை அப்பிடி ஒண்டும் வரக்கூடாது. அதுக்குத்தானே நான் இந்தப் பாடு படுறன்.

மகேந்திரராஜா வீட்டுப் பிறந்தநாளோ? தெரியும், ரோல்ஸ் செய்து தாறன் எண்டு நீர் வாயை விட்டிட்டீர். விடும் அதை. ரோல்ஸ் இல்லாட்டில் அந்தப் பெடியனுக்கு வயசு ஏறாதோ? கிளென் வேவர்லிக்குப் போய் என்னத்தைக் காணப் போறம். கலர் ரீவி வாங்கிப்போட்டினம், போற வாற எல்லாரையும் வரிசையாய் இருத்தி அதைக் காட்டுவினம். புல்லு பச்சையாய்த் தெரியுதாம். புல்லு பச்சைதானே, அதுக்கு ஒரு பெட்டி வேணுமே? நீர் உள்ளுக்குப் போனால் போதும், எல்லாரும் சுத்தி நிண்டு விடுப்புக் கேட்டு வாயைக் கிளறுவினம். மெனிண்டியிலை அந்தத் தொல்லை இல்லை. ஒரு பப், ஒரு தபால் கந்தோர், கொஞ்ச வெள்ளைச் சனம். தமிழ்ச் சனம் மருந்துக்கும் இல்லை. ஒருத்தரும் வந்து கதவைத் தட்டாயினம்.

ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? நல்லதுக்குத்தான் சொல்லுறன்.

ஆர், இராஜேஸ்வரி அன்ரியோ? உம்மைக் கடையிலை கண்டிட்டு அழுதவவோ? சீ, அது அழுகை இல்லை பிள்ளை. செப்ரெம்பர் பிறந்தால் இந்த மெல்பேர்னிலை பூந்தூள் பறக்கத் தொடங்கும், அவவுக்கு மூக்கும் கண்ணும் ஆறாய் ஓடும். கையைப் பிடிச்சவவோ? பிடிச்சால் என்ன? வயசு போன மனிசி, கால் தடக்கியிருக்கும், பிடிச்சிருப்பா. தலையைத் தடவினதுக்கும் நான்தான் காரணம் சொல்ல வேணுமோ?

முந்தநாள் கேற்றடிக்கு வந்த ஆக்கள் ஆர் எண்டு எனக்கெப்பிடித் தெரியும்? நீர் நித்திரை எண்டு நினைச்சுச் சிறி திருப்பி அனுப்பியிருப்பார். மீனோ? இந்தக் கிழமை மீன் நல்லாய் வரேல்லையாம். ஓம், இறைச்சியுந்தான் நல்லாய் இல்லை. ஐயோ பிள்ளை, ஒரு மனிசன் நாலு நாள் மரக்கறி திண்டால் குற்றமே? சுவாமி விளக்கை நான் கொளுத்துறன் எண்டு அவர் சொன்னால் சந்தோசப்படும். கொளுத்தினதை நீர் காணேல்லை எண்டால், அவர் விடிய எழும்பிக் கொளுத்தி நூத்திருப்பார். நீர் பொலிஸிலை சேர்ந்திருக்க வேண்டிய ஆள், கமலினி. என்னைப் போட்டு இந்தக் கேள்வி கேக்கிறீர். நான் ஒரு ஏரியைப் பாக்க வாரும் எண்டு கூப்பிட வந்தனான், அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமைக்கு என்ன? ஓ. அம்மா ரெலிபோன் எடுக்கிறாவோ.

ஊரிலை ரெலிபோன் இருக்கிற கடைக்கு வந்து காத்துக்கொண்டு நிப்பாவோ. டிசம்பருக்கு வாற பிளேன் எந்தத் திகதி எண்டு சொல்லுவாவோ. சரி. சரிதான். ஆனால் உம்மடை ரெலிபோன் பழுதெண்டு சிறி சொன்னவரே. எங்கடை வீட்டை வந்து இருந்து கதைக்கிறீரோ? எங்கடையும் பழுதுதான். ஓம், நேத்துத் தொடக்கம். சிரியாதையும், பழுதாகிறதெண்டால் எல்லாம் ஒண்டாய்த்தான் பழுதாகும். அங்கை மழையாம், லைன் கிடைக்கிறதும் சந்தேகமாம். பேந்து வந்து கதைக்கலாம்தானே. எங்கை ஓடிப்போகப் போகுது ரெலிபோன்?

கமலினி, நான் உம்மட்டை இதுவரைக்கும் ஒண்டு கேட்டிருக்கிறனே? இதைக் கேக்கிறன். வாரும். ஏனெண்டு கேக்காமல் வாரும். காலிலை விழ வேணுமெண்டாலும் விழுறன், என்ரை முழங்கால் நோவிலை பேந்து நீர்தான் தூக்கிவிட வேணும். சிரிக்கிறீர், பாரும், சிரிச்சால் எவ்வளவு வடிவாயிருக்கு. ஓமெண்டுறீரோ? கடவுளே, நல்ல பிள்ளை. அந்த ஏரியடித் தபால் கந்தோரிலை இருந்து அம்மாவுக்கு எடுப்பம் எண்டுறீரோ? எடுப்பம், எடுப்பம், முதல்லை வெளிக்கிடுவம்.

உம்மடை பெட்டி எங்கை? நீர் குனியாதையும், நான் அடுக்கிறன். ரண்டு மக்ஸி காணும். தொப்பி இருக்கே? இலையான் மொய்க்குமாம், மூஞ்சையை மூட ஒரு லேஞ்சி வைப்பம். இரவிலை குளிருமாம், இந்தக் கம்பளிச் சட்டையை வைக்கட்டே? புதிசாய்க் கிடக்கு. உம்மடை இல்லையோ?

அம்மாவுக்கோ.

ஓ. அம்மா குளிர் தாங்கமாட்டா எண்டு வாங்கினனீரோ. இப்பவே வாங்கி வைச்சிட்டீரோ. இதென்ன, சப்பாத்துச் சோடியும். காலுறையும். அளவோ? என்னட்டை ஏன் அளவு கேக்கிறீர், நான் அவவைப் படத்திலைதானே பாத்தது. என்ரை உடம்புதான் அவவுக்கும், போட்டுக் காட்டும் எண்டுறீரோ? நான் போடேல்லை. இல்லை, கமலினி, என்னாலை ஏலாது. இஞ்சாலை வைச்சிடும். நான் ஒருக்கா இந்தக் கதிரையிலை இருக்கிறன். தண்ணி ஒண்டும் வேண்டாம், நீரும் இரும்.

நாங்கள் லண்டனிலை இருந்த காலம். சின்னவள் வயித்திலை. ஊரிலை என்ரை ஐயாவுக்குக் கண் ஒப்பரேசன். முடிஞ்சுது, நல்லாய்த் தெரியுது, பேப்பர் வாசிக்கிறார் எண்டு என்ரை தமையன் எழுதினவர். நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விரதம் இருந்தனான் அந்தக் கண்ணுக்கு. பேந்து ஒரு கலியாண வீடு. நான் பட்டுச் சீலை கட்டி, வயித்தையும் தள்ளிக்கொண்டு, கொண்டையிலை பூவோடை நிக்கிறன். முன்பின் தெரியாத ஒரு மனிசி தேத்தண்ணிக் கோப்பையோடை கிட்ட வந்து, உம்மடை ஐயாவின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நாங்களும் போனனாங்கள், நல்ல சாப்பாடு எண்டு சொன்னவ.

அவ பிழையாய்ச் சொல்லேல்லை. ஒரு நல்ல சொல்லுச் சொல்ல வேணும் எண்டுதான் வந்தவ. இவர் எனக்குப் பக்கத்திலை நிக்கிறார். திரும்பி முகத்தைப் பாத்தன், அவருக்கு முதலே தெரியும். எல்லாருக்கும் தெரியும். அந்த மண்டபத்திலை தெரியாமல் நிண்டது நான் ஒருத்திதான். எனக்கு அழுகை வரேல்லை பிள்ளை. அழுற நேரம் தப்பிப்போச்சு. இண்டைக்கு வரைக்கும் ஐயாவுக்கு நான் அழேல்லை. சின்னவள் சுகமாய்ப் பிறந்தவள், நான் ஒண்டும் சொல்லேலாது, மறைச்சது நல்லதுக்கு எண்டு அதைக் காட்டித்தான் இவர் இப்பவும் கதைக்கிறார்.

ஓம், இப்பவும்.

இவரும் சிறியும் எங்கடை கராஜுக்குள்ளை நிண்டு பேசி எடுத்த முடிவுதான் இந்த ஏரி. இஞ்சையுள்ள முப்பது தமிழ்க் குடும்பத்தின்ரை வாயை ஆராலை மூடேலும், அதாலை உம்மைக் கொண்டுபோய் வாயில்லாத இடத்திலை வைப்பம் எண்டிச்சினம். சிறியைக் கோவிக்காதையும். அந்தப் பெடியன் வேற வழி தெரியாமல்தான் என்னட்டை வந்தது. உமக்குத் தெரிஞ்சால் இந்தப் பிள்ளையும் போயிடும் எண்டு பயந்து சாகிறார். வயித்துப் பிள்ளைக்கு ஏதும் ஆச்செண்டால் நீதான் பொறுப்பு எண்டு சொல்லித்தான் இவர் என்னை இஞ்சை இறக்கிவிட்டவர். எனக்கும் பயந்தான். ஆனால் உம்மைக் காருக்குள்ளை ஏத்தி, முழு வழியும் பெலிக்கன் பெலிக்கன் எண்டு கதைச்சுக்கொண்டு வர என்னாலை ஏலாது. ஆரோ ஒருத்தி தேத்தண்ணிக் கோப்பையோடை வரும்வரைக்கும் உம்மை விட்டுவைக்கவும் ஏலாது.

ஓம், நீர் நினைக்கிறது சரிதான். அம்மா போன கிழமை மோசம் போயிட்டா. நித்திரையிலை. நோவிலை கிடந்து உத்தரிக்கேல்லை. சிறியின்ரை கம்பசுக்குத் தந்தி வந்தது.

எழும்பாதையும், நான் வாறன். மூச்சை விடும். ஆறுதலாய் விடும். ஏதும் நடந்தாலும் எண்டு டொக்டருக்கு முதலே சொல்லி வைச்சிருக்கிறன், கூப்பிட்டால் வருவார். இப்ப என்னைக் கட்டிப் பிடியும். அடக்காதையும், கமலினி, சத்தம் போட்டு அழும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்து கேட்டால் செத்த வீடு எண்டு நான் சொல்லுறன்.