பால் மூடி கண்டுபிடித்த மேதை

புத்தகக்காரர்: ...அதெல்லாம் சரிங்க. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க படிக்கப் போற பாடம். தலைப்பே ‘உலகை மாற்றிய மேதைகள்’. உங்க அண்ணன் சின்ன வயசுல கஷ்டப்பட்டாரா, இல்லையா?

தம்பி: கஷ்டம்னா... வீட்ல எல்லாம் இருந்துச்சு.

புத்தகக்காரர்: அப்படிச் சொன்னா எப்படி? மேதைன்னா தெருவிளக்குல படிச்சிருக்கணும்.

தம்பி: தெருவிளக்கு எங்க வாசல்லயே இருந்துச்சு.

புத்தகக்காரர்: போதும். ‘தெருவிளக்கின் அருகே வளர்ந்தார்.’ பொய்யும் இல்ல. அடுத்து, வாத்தியார் மக்குன்னு திட்டினாரா?

தம்பி: எப்பவும் முதல் ரேங்க்தான் சார்... வாங்கினார்.

அண்ணி: முதல் ரேங்கா? கணக்குல ரெண்டு தடவை...

தம்பி: அண்ணி, சாருக்கு டீ கொண்டு வாங்களேன்.

அண்ணி: வரும், வரும். நீங்க மக்குன்னே எழுதிக்குங்க சார். எனக்கு ஆட்சேபணையே இல்ல.

புத்தகக்காரர்: நல்லதும்மா. மக்கா இருந்தாத்தான் மேதையாக முடியும். எங்க ஆபீஸ்ல அதுதான் வழக்கம். சுவர்ல இருக்கிற படம் அவர்தானே? அச்சு அசலா உங்களை மாதிரியே...

தம்பி: கூடப் பிறந்தவங்க சார். ஒரே ஜாடை.

புத்தகக்காரர்: சட்டையும் அதே சட்டை.

தம்பி: அவர் போனப்புறம் நான்தான் போட்டுக்கிறேன். வீணாப் போகக் கூடாதில்ல.

அண்ணி: செருப்பும் அவரோடதுதான். குறட்டையும் அவரோடதுதான்.

தம்பி: அண்ணி...

அண்ணி: பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குதே, அதைச் சொன்னேன்.

புத்தகக்காரர்: காலமாகி எவ்வளவு நாளாச்சு?

தம்பி: இப்பத்தான்... உங்க ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு பாருங்க, அந்த வாரம்.

அண்ணி: உயிரோட இருக்கிறவங்களைப் பாடத்துல போட மாட்டோம்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் தாங்கல.

புத்தகக்காரர்: விதி அப்படிங்க. உயிரோட இருக்கிறவரை மேதைன்னு போட்டா, மறுநாளே எங்கயாவது பேட்டி குடுத்து உளறி வைப்பார். புத்தகத்தை மறுபடி அச்சடிக்கணும். போய்ச் சேர்ந்தவர்னா தொல்லையே இல்ல. நம்ம என்ன எழுதினாலும் மறுத்துப் பேச மாட்டார்.

அண்ணி: மறுத்தே பேச முடியாதா?

புத்தகக்காரர்: எப்படிம்மா முடியும்?

அண்ணி: அட... இது எனக்குத் தோணவே இல்லையே.

தம்பி: நீங்க மேல கேளுங்க சார்.

புத்தகக்காரர்: இப்ப முக்கியமான இடம். பால் பொங்கி வழியாத மூடி. இன்னைக்கு எந்த அடுப்படிக்குப் போனாலும் அது இருக்கு. அவருக்கு அது எப்படித் தோணுச்சு? ஒருத்தருக்குப் பழம் விழுந்துச்சுங்கறாங்க. இன்னொருத்தர் குளிச்சுக்கிட்டு இருந்தவர், துணிகூட இல்லாம ஓடினாராம். இவருக்கு?

தம்பி: அண்ணன் அன்னைக்கு ஜன்னல் வழியா மேகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தார். நீர் ஆவியா மேல போகுது, மழையாத் திரும்ப வருது...

அண்ணி: தூங்கிக்கிட்டு இருந்தார்.

தம்பி: அண்ணி, கொஞ்சம்...

அண்ணி: பால் பொங்கி அடுப்பே அணைஞ்சது. அதுக்கும் எழுந்திருக்கல. துடைச்சுத் துடைச்சு கை ஓய்ஞ்சு போனது எனக்கு. பழைய தகர மூடி ஒண்ணு, நடுவுல துருப்பிடிச்சு ஓட்டை. தூக்கிப் போட மனசில்லாம அதையே மூடினேன். நுரை ஓட்டை வழியா மேல வந்து, மூடி மேல பரவி நின்னுச்சு. சரி, இது திரும்ப இறங்க வழி வேணுமேன்னு, ஆணி வச்சு ஓரத்துல சின்னச் சின்னதா ஓட்டை போட்டேன். விளிம்பைச் சுத்தியலால தட்டி மேல வளைச்சேன். மறுநாள் ஒரு சொட்டு கீழ சிந்தல.

புத்தகக்காரர்: நீங்களா?

தம்பி: துக்கத்துல ஏதோ பேசறாங்க சார்.

அண்ணி: தெளிவாத்தான் பேசறேன். தூங்கி எழுந்து வந்தார். இது என்னன்னு கேட்டார். எடுத்துக்கிட்டுப் போய் அவர் பேர்ல பதிவு பண்ணிட்டு வந்தார். யார் பேர்ல இருந்தா என்னன்னு நானும் விட்டுட்டேன். இப்ப பாடம்னு வந்ததும் மனசு கேக்கல சார். எங்க பொண்ணும் அஞ்சாவதுதான். ‘மேகத்தைப் பார்த்தார், மூடியைக் கண்டுபிடித்தார்’னு அவளே என் முன்னாடி நின்னு ஒப்பிக்கணுமா?

தம்பி: அது என்ன பேச்சு? அப்ப கைப்பிடி?

அண்ணி: கைப்பிடிக்கு என்ன?

தம்பி: கைப்பிடி இல்லைன்னா அது வெறும் ஓட்டைத் தகரம். அதை வச்சது அண்ணன்தான்.

அண்ணி: இருந்தா வந்து சொல்லட்டும்.

தம்பி: அவர் எப்படி வருவார்?

அண்ணி: அப்போ மறுத்துப் பேச ஆளே இல்ல, அப்படித்தானே கொழுந்தனாரே?

தம்பி: அந்தக் கைப்பிடியை முடுக்கும்போது என் கட்டைவிரல் கிழிஞ்சுதே, மறந்துட்டியாடி? தழும்பு இன்னும் இருக்கு, பாரு.

புத்தகக்காரர்: உங்க கட்டைவிரலா?

தம்பி: அதாவது சார்... அண்ணனோட கட்டைவிரல்...

அண்ணி: அதையும் அவர் போனப்புறம் இவர்தான் போட்டுக்கிறார்.

புத்தகக்காரர்: சரி சார், நீங்க உட்காருங்க. அம்மா, அந்த ஆணி எவ்வளவு பெருசு?

தம்பி: அவகிட்ட என்ன கேக்கறீங்க? அவ பேர்ல பாடம் போடவே முடியாது. அவதான் உயிரோட இருக்காளே.

அண்ணி: ஆமால்ல... அப்போ என் பேர் வரவே வராதா சார்?

புத்தகக்காரர்: ஏன்மா வராது? இந்த மேதைகள் பாடத்துக்காக நான் போன வீட்ல எல்லாம் தம்பிதான் கதவைத் திறந்தார். நாளைக்குக் காலையில மறுபடி வர்றேன்... உங்க தங்கச்சி வந்து திறக்கட்டும்.