தொட்டியில் வளர்ந்த தக்காளி

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் முசிறியைத் தாண்டியதும் முன் சீட்டில் பேச்சு கிளம்பிற்று. ஒருவர் முசிறியில் ஏறிய தோட்டக்காரர். மற்றவர் திருச்சியில் ஒரு காலேஜ் ரசாயனக்கூடத்தில் வேலை பார்ப்பவராம்.

"மண்ணை நாக்குல வெச்சுப் பார்த்தேங்க. உப்பாக் கரிக்குது."

"மண்ணைத் தின்னீங்களா!"

"வேற என்ன செய்ய? நீங்க குடுத்த தக்காளி மண்ணே இல்லாம தொட்டித் தண்ணியில ஜோரா இருந்துச்சு. தரையில நட்டதும் இலை ஓரமெல்லாம் கருகுது. தினம் நீங்க சொன்ன சத்து உப்பைக் கரைச்ச அதே தண்ணிதான் ஊத்தறேன்."

"ஐயையோ! தொட்டியில வாராவாரம் தண்ணியை மாத்தினோம். மண்ணுல ஊத்தின உப்பு அங்கேயே தங்கிடுமே! எருவுலயே சத்து இருக்கு. இனி வெறும் காவேரித் தண்ணி போதும்."

"தொட்டிக்கு ரெண்டு சொட்டு விடச் சொன்னீங்களே, அந்தப் புளிப்பு மருந்து?"

"அதுவும் வேண்டாம், புளிப்பை மண்ணே பார்த்துக்கும். அந்தச் சீசா எங்கே?"

"சம்சாரத்துக்கிட்ட இருக்கு. மிச்சத்தை வாழைக்கன்னுக்குக் கரைச்சு விடறேன்னா."

"கையாலயா? அது திராவகம்ங்க! தோலை உரிச்சிடும்!"

"யோவ் டிரைவர், நிறுத்துய்யா!"

இருவரும் குதித்து, வந்த வழியே ஓடினார்கள். அந்த அம்மாள் அதற்குள் சீசாவைத் திறந்திருப்பாளோ என்று திருச்சி வரைக்கும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.