மொதலாளி வாங்கித் தர்ற விரல்

அந்தக் கலர் வேணாம் சார். அது எங்க மொதலாளி வீட்டாளுங்க கலர். அந்த ரப்பர் விரலை என் கையில மாட்டினா, இரவல் விரல்னு தெருவே சொல்லும். ஆங், இது பரவாயில்ல. ஆட்காட்டி விரல் ஒண்ணுதான் வேணும், மத்ததெல்லாம் சொந்தம்.

எப்படிப் போச்சா? அட்டைப்பெட்டி வெட்டுற மெஷின் சார். ரெண்டு பக்கமும் பட்டன் இருக்கும். ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் கத்தி இறங்கும். அப்ப கத்திக்கு அடியில கை இருக்காதுல்ல? எவனோ புண்ணியவான் யோசிச்சு வச்சது. எங்க மொதலாளி அவனைவிடப் புத்திசாலி. ஒரு பட்டனை அமுக்கி டேப் போட்டு ஒட்டிட்டாரு. ஒரு கை வெட்டும், ஒரு கை அட்டையைத் தள்ளும். வேலை டபுளாச்சு. விரல்தான் குறைஞ்சுது.

நான் ஸ்கூலைப் பாதியில விட்டவதான், ஆனா வரலாறு மட்டும் பிடிக்கும். அந்தக் காலத்துல திருடினா ராஜா விரலை வெட்டுவாராம், பாக்குறவனுக்கெல்லாம் தெரியணும்னு. ராஜா செத்தாச்சு. பஸ்ல வர்ற அக்காங்க இருக்காங்களே, என் கையைப் பாத்ததும் பர்ஸை இழுத்து மடியில வச்சுக்கிறாங்க. இன்னொரு நாட்டுல, அடுத்தவன் விரலை வெட்டினா ராஜாவுக்குத்தான் நஷ்டமாம், சண்டைக்கு ஒரு ஆள் குறையுதாம். விரல்காரனுக்கு வலிச்சுதான்னு கேக்க நாதியில்ல. இப்போ நஷ்டஈடு கணக்குப் போட சட்டம் ரொம்ப அக்கறையாத்தான் கேக்குது, எந்தக் கை, எந்த விரல், எத்தனை கணுன்னு. கறிக்கடையில கூட இவ்வளவு விவரம் கேக்க மாட்டாங்க.

இந்த ரப்பர் விரலுக்குக் காசா? மொதலாளிதான் தர்றாரு, தங்கமான மனுஷன். அடுத்த வாரம் கம்பெனிக்கு லேபர் ஆபீசர் சோதனைக்கு வர்றாரு சார். இங்க ஒரு பொண்ணுக்கு விரல் போச்சுன்னு யாரோ போன்ல சொல்லிட்டாங்களாம். யாரா? என்னைக் கேட்டா? அதான், நான் முழுக் கையோட சிரிச்சுக்கிட்டே ஆபீசருக்குத் தண்ணி கொடுக்கணுமாம். அவர் கண்ணு முன்னாடி கை தெரியணுமாம்.

மெஷினா? அது பாட்டுக்கு ஓடுது. டேப்பை அன்னைக்கு மட்டும் பிரிச்சிடுவாரு, ஆபீசர் வண்டி தெருவைத் தாண்டிப் போனதும் மறுபடி ஒட்டிடுவாரு. என் இடத்துல இப்ப நிக்கிறது எங்க சித்தி பொண்ணு.

ஐயோ, இவ்வளவு இறுக்கமா வேணாம் சார். கொஞ்சம் லூஸாவே வச்சுடுங்க. அவர் டம்ளரை வாங்குறப்ப, விரலும் சேர்ந்து அவர் கைக்குப் போயிடணும்.